மா

காலையில் சீனம்.
ஒரே மா:
சமமாய் நீட்டினால் அம்மா, ஏற்றினால் சணல்,
தாழ்த்தி எடுத்தால் குதிரை, வெட்டினால் வசவு.
"எங்களுக்கும் மா குதிரைதான் மேடம்" என்றான் தௌஃபீக்,
ப்ளஸ் டூ செய்யுளை இன்னும் மறக்காதவன்.
ரெஜினா மேடம் சிரிக்கவில்லை.
"தொனி தப்பு. இப்போது நீ என்னைத் திட்டினாய்."

மதியம் ஜப்பானியம்.
இங்கே மா என்றால் இடைவெளி.
இரட்டைக் கதவு, நடுவில் சூரியன்.
பழைய எழுத்தில் அங்கே நிலா இருந்ததாம்.
நாற்பது முறை எழுதினேன்.
பதினேழாவதில் கதவு கோணிக்கொண்டது
எங்கள் ஹாஸ்டல் கேட் மாதிரி.

டிசம்பரில் தௌஃபீக் நின்றுவிட்டான்.
ஒரகடம், மொழிபெயர்ப்பாளர் வேலை, வேன் உண்டு.
வாட்ஸப்பில் வந்தது:
"நாள் முழுக்க நட்டு, போல்ட், மன்னிக்கவும்.
மன்னிக்கவும் மட்டும் ஏழு வகை."
பதில் யோசித்து
அப்படியே விட்டுவிட்டேன்.

நேற்று வேளச்சேரி ரயில் தாமதம்.
திருவல்லிக்கேணியில் இறங்கி ஓடினேன்,
எட்டுக்குப் பூட்டிவிடுவார்கள்.
வாட்ச்மேன் ஒரு கதவைச் சாத்திவிட்டு
மற்றதைப் பிடித்தபடி,
"சீக்கிரம்மா!"
எந்த மா என்று
ஒரு நொடி நின்றுவிட்டேன்.

கதவுகளுக்கு நடுவே
பழைய எழுத்து.