அந்தச் சொல்

இரண்டு பத்துக்கு மணி அடிக்கும்.
ஒன்று ஐம்பதுக்கே வந்து
வேனின் மூக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி
கைப்பிரேக்கை இழுத்து வைத்திருப்பேன்.
சாட்ஸ்வொர்த்தில் சமதளம் என்று எதுவும் கிடையாது.
பந்தை விட்டால் பந்து போய்விடும்.
பிள்ளையை விட்டால்,
அந்த வாக்கியத்தை நான் முடிப்பதில்லை.

பதினான்கு இருக்கை, பதினான்கு பெல்ட்.
ஏறும்போது தலையைத் தொட்டு எண்ணுவேன்:
எண்ணெய் வைத்த தலை, முள்ளாய் வெட்டிய தலை,
விரலில் கிலுகிலுக்கும்
அனேலேயின் மணிகோத்த பின்னல்.
அன்று பதின்மூன்றுதான்.
தெஷினிக்கு அம்மை போட்டிருந்தது.

மழை.
காவலாளி தூலானி கேட்டைப் பாதி சாத்திவிட்டார்.
மீதிப் பாதியில் ஒரு பையன்.
அவனைவிடப் பெரிய பை,
பையைவிடப் பெரிய மழைக்கோட்டு.
கெர்ஷன். ஒன்றாம் வகுப்பு. எங்கள் தெருதான், நாலாவது வீடு.
அவனை ஏற்றும் பக்கி வரவில்லை.
பக்கி என்றால் இங்கே திட்டு இல்லை,
லாரி போட்ட குட்டி.

"ஏறுடா, நனையாதே."
அவன் அசையவில்லை.
"சொல்லைச் சொல்லுங்க ஆன்ட்டி."

எந்தச் சொல்?
அம்மா ஒரு சொல் கொடுத்திருக்கிறாள்.
யார் கூட்டிப்போக வந்தாலும்
அதைச் சொன்னால்தான் ஏற வேண்டும்.
மாமாவானாலும். மழையானாலும்.

ஜன்னலில் பதின்மூன்று மூக்கு.
"பிஸ்கட்!" என்றான் லொகேசன்.
"டைனோசர்!"
"அவன் நாயோட பேரு!"
அவனுக்கு நாயே கிடையாது.
ஒவ்வொன்றுக்கும் இல்லையென்று தலையாட்டினான்,
தொப்பியிலிருந்து தண்ணீர் சுற்றிலும் தெறித்தது.

முடியிறக்கியபோது
இவனை மடியில் பிடித்துக்கொண்டவள் நான்.
அதெல்லாம் இப்போது செல்லாது.
நல்லது. செல்லக் கூடாது.

எஞ்சினை அணைத்தேன்.
குடையோடு இறங்கிப் பக்கத்தில் நின்றேன், தொடாமல்.
ப்ரினேஷின் அம்மா போனில் திட்டினாள்.
தாண்டோவின் அப்பா சிரித்துவிட்டு வைத்தார்.
நிர்வாஷ்ணி தையல் ஆலையில் இருந்தாள்,
அங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.
சூப்பர்வைசருக்கு மூன்று முறை அடித்தேன்.
நாற்பது நிமிடம்.
என் செருப்புக்குள் ஓடை.

கடைசியில் அவள் குரல்.
பின்னால் மெஷின்களின் இரைச்சல்,
இரைச்சலுக்குள் ஒரு சின்னச் சொல்.
இதற்கா, என்று கேட்க வாய் வந்தது.
கேட்காமல் குனிந்து
அவன் காதில் சொன்னேன்.

முகம் முடிச்சவிழ்ந்தது.
அப்போதுதான் அழுதான்.
தெஷினியின் பெல்ட் அவனுக்கு அளவாக இருந்தது.

என்ன சொல், என்ன சொல் என்று
வேன் முழுக்கக் கேட்டது.
ராத்திரி கணவரும் கேட்டார்.
சொல்லவில்லை.
உங்களுக்கும் கிடையாது.

இதை இங்கேயே முடித்திருக்கலாம்.

மறுநாள் காலை ரோபோவில் சிவப்பு,
சிக்னலுக்கு இந்த நாட்டில் அதுதான் பெயர்.
எனக்கு முன்னால் அந்த வெள்ளைப் பக்கி.
பின்கதவைக் கயிற்றால் கட்டியிருந்தது.
உள்ளே சீருடைமேல் சீருடை.
பழக்கம், எண்ணினேன்.
பதினேழோடு விட்டுவிட்டேன்,
அதற்குமேல் முழங்கை எது தலை எது என்று தெரியவில்லை.

என் வேனுக்கு மாதம் எழுநூறு ராண்ட்.
பக்கிக்கு நானூறு.
நடுவில் இருக்கும் முந்நூறில்
நிர்வாஷ்ணி வீட்டு விளக்கு எரிகிறது.
அவளிடம் நான் இதைப் பேசியதில்லை.
என் வண்டியும் தண்ணீரில் ஓடுவதில்லை.

கம்பி இடுக்கில் கெர்ஷன் என்னைப் பார்த்துவிட்டான்.
ஒரு விரலை உதட்டில் வைத்தான்:
சொல் பத்திரம்.
நானும் வைத்தேன்.

பச்சை.
பக்கி மேடேறியது, கயிறு விறைத்தது.
பின்னால் வந்த டாக்ஸி ஹாரன் அடித்தான்,
முந்திப் போ என்று.
போகவில்லை.
என் பதின்மூன்றையும் வைத்துக்கொண்டு
இருபதடி இடம் விட்டு
பிரேக்கில் கால் வைத்தபடி
அந்தக் கயிற்றின் பின்னாலேயே போனேன்,
பள்ளி கேட் வரைக்கும்.