ஆறரைக் கட்டை

சென்ட்ரிஃப்யூஜ் ஒரு முறை ஓடி நிற்கப்
பதினைந்து நிமிடம்.
என் கணக்கில் மூன்றரைப் பாட்டு.
நான்காவது பாதியில் நிற்கும்போது
யாரோ ஒருவரின் ரத்தம்
சிவப்பு கீழே, மஞ்சள் மேலே என்று
பிரிந்து முடித்திருக்கும்.

அண்ணா நகர், லேபில் இரவுப் பணி.
ஒரு காதில்தான் பாட்டு.
மற்றது போனுக்கும் ஆம்புலன்சுக்கும்.

ஆறரைக் கட்டை என்று
பேர் வைத்திருக்கிறார்கள்.
ஞானஒளிவுபுரத்தில் நாலு பேர்,
முதல் ஆல்பம், ஒன்பது பாட்டு.
கிடாரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு
பியானோ முன்னால் வந்து பேசுகிறது.
பேசுகிறதா,
கோரிப்பாளையம் சிக்னலில்
பச்சை விழுமுன்னே ஹாரன் அடிக்கிறவன் மாதிரி
டிரம்ஸுக்கு அரை நொடி முந்திக்கொண்டு
வந்து நிற்கிறது.

பத்தொன்பது நாளாக வேறெதுவும் கேட்கவில்லை.
பில்லிங் ஷீலாராணிக்கு அனுப்பினேன்.
ஒரு கட்டைவிரல் அனுப்பினாள்.
இரண்டாவது நிமிடம் பதினாலாம் நொடியிலிருந்து
கேட்டுப் பார் என்று மறுபடி எழுதினேன்.
"புள்ளைக்குப் பரீட்சைடி."
ஷேர் ஆட்டோ ஜாபர் அலி
ப்ளூடூத்தில் போட்டு மாட்டுத்தாவணி வரை ஓடவிட்டார்.
வாழையிலைக் கட்டோடு பின்னால் இருந்தவர்
"பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்றார்.
நீளமான ஆரம்பம்தான். ஒத்துக்கொள்கிறேன்.

ஏழாவது பாட்டு சுமார்.
அதை நான் சொல்லலாம்.
நீங்கள் சொன்னால் சண்டைக்கு வருவேன்.

முழுசாகக் கேட்டது
செக்யூரிட்டி பிச்சைமணி ஒருவர்தான்.
மூன்றாவதில் தலையைத் தூக்கினார்.
"எங்கிட்டோ நாற்காலி கிரீச்சுங்குதே,
ஒரு சொட்டு எண்ணெய் விட்டுருக்கலாம்ல?"
திரும்ப ஓடவிட்டேன். இருக்கிறது.
இடது கை அடிக்கட்டைகளைத் தேடிப் போகையில்
அவள் உடம்பும் சாய்கிறது,
நாற்காலி காட்டிக்கொடுத்துவிடுகிறது.
இத்தனை நாள் கேட்டும்
எனக்குக் கிடைக்காத ஒன்று
அவருக்கு முதல் தடவையே!
அன்றிலிருந்து மூன்றாவதைப் போடுவதே
அந்தக் கிரீச்சுக்காகத்தான்.

செவ்வாய்க்கிழமை, பணி முடியும் நேரம்,
வெறும் வயிற்றோடு வந்த கூட்டம்.
ஸ்டிக்கர் அச்சாகி வந்தது:
ஜெசிந்தா அ., பெண், 27, தைராய்டு.
ஆல்பத்தின் அட்டையில் இதே பெயர்
பியானோ, குரல் என்பதற்கு எதிரே.

"எந்தக் கையில எடுக்கட்டும்?"
"வலதுல எடுங்க. இடது சாயங்காலம் வேணும்."
எனக்கா தெரியாது அந்த இடது!

ரப்பரை இறுக்கினேன்.
விரலை மடக்கச் சொன்னேன்.
நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள்,
கட்டைவிரலில் பால்பாயிண்ட் மை.
முப்பது கேள்வியாவது இருந்தது.
ஐந்தாவது பாட்டில் ஆரப்பாளையத்தில்
கடைசி பஸ்ஸை விட்டது யார்?
ஏழாவதை ஏன்தான் சேர்த்தாய்?
கேட்டது இது மட்டும்:
"மயக்கம் வருதா?"
"இல்ல."
முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது.
குழாய் நிறைகிறவரை
இருவரும் ஜன்னலைப் பார்த்தோம்.

பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்தாள்.
எங்கள் நாற்காலி கிரீச்சென்றது.
இருவருமே திரும்பிப் பார்த்தோம்.
"அதுக்கு எண்ணெய் விடமாட்டோம்,"
என்று வாய் தவறிவிட்டது.
"மூணாவது பாட்டு மாதிரியே இருக்கு."

கதவு வரை போனவள் நின்றாள்.
காது சிவந்திருந்தது.
"அது வெளியே கேக்குதா?"
"கேக்குது."
"அய்யோ," என்றாள்,
ஆனால் சிரித்துக்கொண்டு.
"ரிப்போர்ட் எப்பக் கிடைக்கும்?"

"ஆறரைக்கு."

அன்றைக்கு மற்ற எல்லோருக்கும்
ஐந்து மணி.