பழைய கால்

டிராம் போகட்டும்.
கோப்லிக்குப் போகும் இரண்டாம் எண், ஒன்பது பதினேழு.
முனையில் அது திரும்பும்போது
மேசைக்குக் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் ஒரு நடுக்கம்.
கைகளை மடியில் வைத்துக்கொண்டு
நாற்பதுவரை எண்ணுவேன்.

அதன்பின் என் தபால்காரர்
நான் தொட்டால் ஒழிய அசையமாட்டார்.
பதினாறு சென்டிமீட்டர் உயரம்.
எஃகு எலும்பு, குண்டுமணி அளவில் மூட்டுகள்,
மேலே சிலிக்கான் தோல், நிஜக் கம்பளிக் கோட்டு.
பாதத்துக்கு அடியில் ஒரு திருகு.
அவர் ஓரடி எடுத்து வைக்க
நான் ஒருமுறை மேசைக்கடியில் படுத்து எழவேண்டும்.
நல்ல நாள் என்றால்
மாலைக்குள் நான்கு நொடி நடந்திருப்பார்.

கறுப்புச் சட்டை தவிர வேறு உடுத்துவதில்லை.
ஒருமுறை மறதியாய் வெள்ளை ஸ்வெட்டரில் வந்தேன்.
நள்ளிரவுத் தெருவில் அவர் கன்னத்தில்
பாதி அடியில் பொழுது விடிந்துவிட்டது.
விளக்குகள் பார்க்கும் லீஸ்பெட்
அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

நடையை நான் திருடினேன். சொல்லிவிடுகிறேன்.
எதிர்வீட்டு எண்டெல்,
கப்பல் பட்டறையில் முப்பது வருடம் இரும்பு பற்றவைத்தவர்.
வலது இடுப்பு தேய்ந்துபோயிருந்தது.
அவர் ரொட்டிக் கடைக்குப் போகையில்
சன்னலுக்குள் நின்று கடிகாரத்தை அழுத்துவேன்.
இடது கால் ஏழு படம்.
வலது கால் பதினொன்று.
அந்த மிச்ச நான்கில்
அவர் பனியைத் திட்டுவது எனக்குக் கேட்டது.

கூடத்தில் நானும் நடந்து பழகினேன்,
ஏழு, பதினொன்று, ஏழு, பதினொன்று,
கீழ்வீட்டார் துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கும்வரை.

நவம்பரில் தொடங்கினோம்.
பிப்ரவரியில் எண்டெலுக்கு ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது.
மே மாதம், ஒரு வெயில் காலை,
ரொட்டிப் பையை ஆட்டிக்கொண்டு தெருவில் வருகிறார்.
பழக்கத்தில் கடிகாரத்தை அழுத்தினேன்.
எட்டு.
எட்டு.

எனக்குக் கோபம் வந்தது.
ஒரு மனிதருக்கு வலி தீர்ந்ததற்காக
சன்னலில் நின்று பல்லைக் கடித்தேன்.
தபால்காரருக்கு இன்னும் நாற்பத்திரண்டு நொடி பாக்கி,
அதில் ஒரு படிக்கட்டு வேறு.
படிக்கட்டை நான் அளந்து வைத்திருக்கவில்லை.

கதவைத் தட்டிக் கேட்டேவிட்டேன்:
கொஞ்சம் பழையபடி நடந்து காட்ட முடியுமா?
அவர் எழுந்தார். முயன்றார்.
கல்யாண வீட்டில் யாரையோ கேலி செய்பவர்போல
இழுத்து இழுத்து இரண்டடி.
நின்று சிரித்தார்.
"மறந்துபோச்சு. அதைப் போய் யார் நினைவு வைப்பாங்க?"

நான், என்றேன். இருநூற்று ஆறு நொடி வைத்திருக்கிறேன்.

மறுநாள் ஸ்டுடியோவுக்கு வந்தார், தலைவாரி, ஷூவைத் துடைத்து.
திரையில் ஓடவிட்டேன்.
கோட்டுப் போட்ட சின்ன மனிதர் பஞ்சுப் பனியில்
வலது காலுக்குக் காத்திருந்து காத்திருந்து போகிறார்.
எண்டெலின் கை தானாக இடுப்புக்குப் போனது.
"இன்னொரு தடவை," என்றார்.
பிறகு இன்னொரு தடவை.
"தபால் பெட்டிகிட்ட ஒரு கை ஊனுறானே,
அது நான் இல்லை. நான் எதையும் ஊனுனதில்லை."
லீஸ்பெட் என்னைப் பார்த்தாள்.
அந்த ஒன்பது நொடியை அழித்தோம். இரண்டரை நாள் வேலை.

படிக்கட்டை அவரிடமே கேட்டேன்.
வலிக்காத காலை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?
ஏறும்போது முதலில் எது?
காலுக்கு நினைவில்லாதது வாய்க்கு நினைவிருந்தது.
நல்ல கால் மேலே போகும், என்றார்,
கெட்டது பின்னால் வரும், கடன்காரன் மாதிரி.

இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறார்.
தரையில் படுக்கக்கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.
படுத்திருக்கிறார், பழைய கம்பளியை விரித்து,
மேசைக்கடியில், கையில் ஸ்பானரோடு.
மேலே நான் பாதத்தைப் பிடித்திருக்கிறேன்.
எந்தக் கால்?
வலது.
முடுக்கவா?

நான் வாய் திறக்குமுன்
தரையிலிருந்து அவர் குரல் வருகிறது,
முதுகுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது போல:
இரு, இரு,
டிராம் போகட்டும்.