இருபது தெத்ரி

திபிலீசியின் வடக்கு விளிம்பில்
எங்கள் கட்டடத்து லிஃப்டில்
ஏறத்தான் காசு.
இறங்கக் காசில்லை.
இருபது தெத்ரியைத் துளையில் போட்டால்
ஒருமுறை வயிறு உறுமி
ஒன்பதாம் மாடிக்கு இழுத்துப் போகும்.

முராவுக்கு இது தெரியும்.
குட்டியாய் இருந்தபோதே
நாணயம் விழும் சத்தத்தையும் வீட்டையும்
முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.
ரொட்டிக் கடையில் மீதிச் சில்லறை வாங்கினாலும்
வாலை ஆட்டியபடி
ஏதோ ஒரு கதவு திறக்கக் காத்திருப்பாள்.

இப்போது பதிமூன்று வயது.
பின்கால்கள் வேறு யாருடையவோ போல
பின்னால் வருகின்றன.
சிறுநீரகம் பாதிக்குமேல் போயிற்று.
மண்ணீரலில் கட்டி.
ஆரஞ்சு அளவு என்றாள் டாக்டர் தேக்லே.
ஏன் எப்போதும் பழங்களையே சொல்கிறார்கள்?
சந்தையில் ஆரஞ்சுக் குவியலைக் கண்டால்
எதிர்ப்பக்கமாய் நடக்கிறேன்.

அறுக்கலாம், மேசையிலேயே போனாலும் போகலாம்.
அறுக்காமல் விடலாம், ஒருநாள் உள்ளேயே வெடிக்கலாம்.
இல்லையென்றால், என்று நிறுத்தி
தேக்லே பேனா மூடியைத் திருகினாள்.
"நேரம் வரும்போது உங்களுக்கே தெரியும்."

எப்படித் தெரியும், பெண்ணே?
முதல் கணவனோடு பதினோரு வருஷம் இருந்தேன்,
அதுவே எனக்குத் தெரியவில்லை.

கடவுள் வேலையில் கை வைக்காதே என்கிறார்
மூன்றாம் மாடி வாலிகோ.
மின்சாரம் போன ஜனவரி இரவில்
நாற்பத்திரண்டு கிலோவைக் கம்பளத்தில் கிடத்தி
சுராப் ஒரு முனை, நான் ஒரு முனை,
ஒன்பது மாடி இறக்கி
அவள் மூத்திரம் பெய்து முடித்ததும்
ஒன்பது மாடி ஏற்றினோம்.
அப்போது கடவுள் எந்த மாடியில் நின்றார் என்று
நான் கேட்கவில்லை.
வாலிகோ கதவைத் திறந்து டார்ச் அடித்தார்.
அதையும் சொல்ல வேண்டும்.

சமையலறை நாள்காட்டியில்
நல்ல நாளுக்கு வட்டம்,
கெட்ட நாளுக்குப் பெருக்கல் குறி.
பெருக்கல் கூடினால் பேசுவோம் என்று ஏற்பாடு.

பிப்ரவரியில் நான் பொய் எழுதினேன்.
கஞ்சியை மோந்து பார்த்தாள்: வட்டம்.
ராமுழுக்க முனகிவிட்டு
விடியலில் என் உள்ளங்கையை ஒருதரம் நக்கினாள்: வட்டம்.

மார்ச்சில் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
குத்தாய்சிக்கு அக்காவைப் பார்க்க
நான் போயிருந்த இரண்டு நாளிலும் வட்டங்கள்,
முட்டை மாதிரி ஒருபக்கம் சப்பி.
சுராபின் கை.
திரும்பி வந்தபோது
தரைவிரிப்பு துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது.
தேநீர் கொட்டிவிட்டது என்றார்.
அவர் தேநீர் குடிப்பதே இல்லை.

நாங்கள் சண்டை போடவில்லை.
அவர் பென்சிலை எடுத்து
ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும்
மெதுவாகப் பெருக்கல் குறி போட்டார்.
எட்டாம் தேதியை மட்டும் விட்டுவைத்தார்.
அன்று பனி விழுந்தது.
மூக்கு நிறைய அள்ளித் தும்மினாள்.
அது உண்மையான வட்டம்.

வியாழன், பத்தரை.
ஒருமுறை ரத்து செய்தாயிற்று,
அடுப்பு ரிப்பேர் என்று சொல்லி.
இது இரண்டாவது வியாழன்.
அவித்த கோழி, எலும்பு நீக்கியது.
உப்பு கூடாது என்பதை மீறி
ஒரு துண்டு சுல்குனிப் பாலாடைக்கட்டி.
தின்றாள். தட்டையும் நக்கினாள்.
நான் அவரைப் பார்க்க,
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
பசிக்கிற நாயைப் போய்...
அந்த வாக்கியத்தை
இரண்டு பேருமே முடிக்கவில்லை.

லிஃப்ட் காசில்லாமல் இறங்கியது.
நான்காம் மாடி தாண்டும்போது
கைக்குட்டைக்காகப் பைக்குள் கைவிட்டேன்.
சில்லறை உரசியது.
அவள் காது நிமிர்ந்தது.
வால் கம்பளத்தில் இரண்டு தரம் தட்டியது.

வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அது நாங்கள் ஏறி வருவதற்கு, முரா.
எத்தனை பேர் என்று
அந்தப் பெட்டி கேட்பதில்லை.
மூன்று பேருக்கும் இருபது தெத்ரி.
இரண்டு பேருக்கும் இருபதுதான்.