ஏறுவதற்கு மட்டும்

பெட்டியைப் பால்வண்டியில் கொண்டுவந்தான் ஓல்மெதோ திபாதுய்சா,
கேன்களுக்கு நடுவே, மேலே தன் கம்பளியைப் போர்த்தி,
துய்தாமா சந்தைத் தெருவின் குழிகளை
ஒவ்வொன்றாக விசாரித்து ஒதுங்கி.
பதினோரு வாரம் கடலில் கிடந்தது.
பெயரில்லை, கொடியில்லை, கறுப்பு மட்டும்.
நல்ல கறுப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

தொள்ளாயிரத்து எண்பது கிராம் என்று எழுதியிருந்தாள்
ஐவி எனக் கையெழுத்திடும் யாரோ ஒருத்தி.
என் தராசு ஆயிரத்து நூற்று முப்பத்தாறு என்றது.
அவன் தராசைச் சந்தேகித்தான்.
அரைக்கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துக் காட்டினேன்,
அரைக்கிலோ.
பொட்டலத்தையும் சந்தேகித்தான்.

ராகிராவில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாங்கள்.
உலகத்தின் மறுபுறம் நிற்கிற பானையை
எந்த விரலால் தட்டுவது?
எட்டு மாதப் பால்காசு அனுப்பி
படத்தைத் தட்டியிருக்கிறான், கண்ணாடித் திரையில்.

ஐந்நூறு பெசோ நாணயத்தின் விளிம்பால் ஆரம்பித்தேன்.
மேல்குழாய், டக் டக் டக்.
கீழ்க்குழாய், டக் டக்,
கடன் இல்லாதவன் பேசுவதுபோல் பளிச்சென்று.
தலைக்குழாய்க்கு நான்கு விரல் கீழே
தொப்.
மறுபடி. தொப்.
கேட்டுவிட்டான். கேட்காதவன்போல
சுவரில் தொங்கும் செயின்களை எண்ணத் தொடங்கினான்.

குழல் கேமராவை உள்ளே விட்டேன்.
(அதுவும் அதே துறைமுகத்துச் சரக்கு, சல்லிசு விலை,
ஆறு வருஷமாக ஒரு புகார் இல்லை.)
உள்ளே கார்பன் துணி
அவசரத்தில் மாட்டிய காலுறைபோல் சுருண்டு கிடந்தது.
மடிப்பில் பிசின் தேங்கி இறுகியிருந்தது.
எடுக்க மறந்த காற்றுப்பையின் கிழிசல்.
அப்புறம் பிசினுக்குள் உறைந்த
ஒரு நீளத் தலைமயிர்.

அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.
முந்நூறு துண்டுகளை வரிசை தப்பாமல் ஒட்டுகிற வேலை,
அன்றைக்கு அவளுக்கு எத்தனையாவது ஃபிரேமோ,
தொப்பி நழுவியதோ, சாப்பாட்டு மணி அடித்ததோ.
திட்ட வாய் வரவில்லை.
பரவாயில்லை என்று சொல்லவும் வரவில்லை,
ஏனென்றால் மணிக்கு எழுபதில் அந்த மடிப்பின்மேல்
சாய்ந்து இறங்கப்போவது ஓல்மெதோவின் முன்பற்கள்.
பச்சை வட்டமாக ஒரு ஸ்டிக்கர் வேறு,
பெடல் அச்சின் அடியில்:
சோதிக்கப்பட்டது, பதினேழு.
பதினேழு ஆளா, நாளா, தெரியாது.

படமெடுத்து அனுப்பினோம்.
அன்புள்ள நண்பரே, அது வெறும் அழகுக் குறை,
பலத்தைப் பாதிக்காது, நாற்பது டாலர் திருப்பித் தருகிறோம்.
திருப்பி அனுப்பும் செலவோ
ஃபிரேம் விலையில் பாதிக்கு மேல்.
என் தலைக்குமேல் ஆணியில் தொங்கியது
ஒரு பல் டாக்டரின் ஃபிரேம், பெரிய கம்பெனி, ஐந்து மடங்கு விலை,
அதே இடத்தில் விரிசல்.
அவருக்குப் பதில் சொல்ல பொகோத்தாவில்
ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.
அவ்வளவும் வித்தியாசம்.

எத்தனை நாள் தாங்கும் என்றான்.
எங்கே நோவு என்று நாணயம் சொல்லும்,
எப்போது என்று சொல்லாது.
அறுத்துக் காட்டட்டுமா என்று ரம்பத்தை எடுத்தேன்.
குறுக்கே வந்து நின்றான்,
ஃபிரேமைக் கையால் மறைத்துக்கொண்டு.

இப்போது ஞாயிறுகளில் பார்க்கிறேன்.
மேகம் மேயும் பாராமோ மேட்டுக்கு
வெள்ளைக்காரப் பையன்களையும் பின்தள்ளி ஏறுகிறான்,
மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரில் யார் பல் உடையும்?
உச்சியில் அவன் மச்சான் பால்வண்டியோடு நிற்கிறான்.
கறுப்பு சைக்கிள் கேன்களுக்கு நடுவே ஏறிக்கொள்ள
ஓல்மெதோ முன்சீட்டில், காலை நீட்டி,
கண்ணாடியை இறக்கிவிட்டு இறங்குகிறான்.

என் நாணயத்தைத் திருப்பித் தரவில்லை.
ஒவ்வொரு வளைவிலும் கையைப் பின்னால் நீட்டி
தட்டுகிறானாம், மச்சான் சொன்னான்.