கோணல் வரிசை

லேவார்டன் அச்சகத்தில்
இருபத்தாறு வருடம் தகடு ஏற்றியவள் நான்.
அச்சாகி, மை கழுவி, எடைக்குப் போகிற அலுமினியத் தகடுகளை
இப்போதும் யெல்லே கொண்டுவந்து தருகிறான்,
சைக்கிளின் பின்னால் கட்டி,
காற்றடித்தால் சாலை முழுக்க இடி உருள.

அதைத்தான் தோலாக்குகிறேன்.

ஒன்றுக்குப் பதினாறு.
நான்கு எஞ்சின் அமெரிக்கக் குண்டு விமானம்,
சாயம் காணாத வெறும் வெள்ளி உடம்பு.
இறக்கை விரிந்தால் இரண்டு மீட்டர்.
கதவு வழியாக வெளியே போகாதென்று
எல்லாம் கூடிய பிறகுதான் அளந்து பார்த்தேன்.

முதலில் சோப்பு.
தகட்டில் சோப்பைத் தேய்த்துக்
கீழே தீயைக் காட்ட வேண்டும்.
சோப்பு காப்பி நிறம் கண்டதும் நிறுத்த வேண்டும்.
அவசரப்பட்டால் முரண்டு பிடிக்கும்.
ஒரு மூச்சு தாமதித்தால் ஓட்டை.
பதமாக வெந்தது
மர மூக்கின் வளைவில் ஈரத்துணியாகப் படியும்.

பிறகு ரிவெட் ஆணிகள்.
தகட்டைக் கவிழ்த்து, மொட்டை ஊசியால், ஒவ்வொன்றாய்.
உள்பக்கத்தில் இன்னும் செய்தித்தாள் இருக்கிறது.
தகட்டில் எழுத்து நேராகத்தான் நிற்கும்,
வாசித்துக்கொண்டே குத்தலாம்.
இடது இறக்கையின் அடியில் பழைய டிராக்டர் விற்பனைக்கு.
வாலில் நகராட்சி டெண்டர்.
விமானியின் முதுகுக்குப் பின்னால்
யாரோ திருமதி போஸ்ட்மாவுக்கு எண்பதாவது பிறந்தநாள்,
மாலை நான்கு முதல் வீட்டில் இருப்பார், பூங்கொத்து வேண்டாம்.
ஒட்டிவிட்டால்
இதெல்லாம் இருட்டுக்கு மட்டும் தெரியும்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு புகைப்படம்.
டெர்ப்ஸ்ட்ரா குடும்பத்தின் மேய்ச்சல் நிலம், நாற்பத்து நான்கு, ஏப்ரல்.
வயிறு தரையில். ப்ரொப்பெல்லர் இதழ்கள் மடங்கி.
இறக்கை நுனியை ஒரு பசு முகர்கிறது.
உள்ளே இருந்த பத்துப் பேர் படத்தில் இல்லை.
எங்கே கொட்டிவிட்டு வந்தது என்பதும் இல்லை,
ஆகவே குண்டறைக் கதவுகளை மூடியே ஒட்டினேன்.
இடப்பக்கம் மட்டும்தான் படம்.
வலப்பக்கத்தை யாரும் எடுக்கவில்லை.

லென்ஸ் வைத்தால்
பக்கவாட்டு ஜன்னலுக்குக் கீழே ஓர் ஒட்டுத் தெரியும்,
சட்டைக் கிழிசலுக்கு வேறு துணியில் போட்ட மாதிரி.
ஆணிகள் கொஞ்சம் பெரியவை.
மேல் வரிசையில் ஏழு, கோணல்.
மூன்றாவது தடுமாறி,
நான்காவது அதைத் துரத்தி,
ஏழாவது விளிம்புக்கே ஓடிவிட்டது.
எங்கோ இங்கிலாந்தில் ஒரு ராத்திரி,
கைவிளக்கு, விறைத்த விரல்,
விடிந்தால் இது பறக்க வேண்டும் என்று ஒருவன் கத்த
இன்னொருவன் அடித்தது.

நேர் வரிசை எனக்குத் தண்ணீர்பட்ட பாடு.
கோணல்தான் வரவில்லை.
முதல் தகட்டில் கோணல் அழகாக வந்தது, எனவே பொய்.
இரண்டாவதில் ஐந்தாம் ஆணியை
என் கை தானாகவே திருத்திவிட்டது.
அவனுடைய பத்து நிமிட அவசரத்தை
பதினோரு நாள் நிதானமாக முயன்றேன்.
பன்னிரண்டாம் நாள்
அடுப்பில் உருளைக்கிழங்கு தீய்கிற வாசம்.
எழுந்துகொண்டே குத்தினேன்.
வந்துவிட்டது.

ஆஸனில் கண்காட்சி.
ஜன்னல் சட்டத்தைப் பெயர்த்து வெளியே எடுத்தோம்,
யெல்லே ஒரு முனை, நான் ஒரு முனை.
நடுவர் ஹெரோ ரோலிங்கா, நெற்றியில் பூதக்கண்ணாடி,
காலணி ஓசை கேட்காமல் மூன்று சுற்று வந்தார்.
ஆணிக்கும் ஆணிக்கும் நடுவே தகடு
பசித்த வயிறாக ஒட்டியிருப்பதைப் பாராட்டினார்.
வலப்பக்கம் முழுக்க என் ஊகம்,
அங்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை.
இடப்பக்க ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.
'கை நடுங்கிவிட்டது, இல்லையா?'
இரக்கமாகத்தான் கேட்டார்.

புகைப்படம் கைப்பையில் இருந்தது.
ஜிப் வரை விரல் போனது.

'ஆமாம்' என்றேன்.
'ராத்திரி வேலை. வெளிச்சம் போதவில்லை.'

இரண்டு புள்ளி குறைத்தார்.
ஏழு ஆணிக்கு இரண்டு.
மலிவுதான்.