மடி

வியாழன்தோறும் ஸ்கிப்டனுக்கு மேலே ஏறிப்போய்
ஹெஸ்டர் த்வெய்ட்டின் முழங்காலை
மடக்கி நீட்டுவது என் வேலை.
புது மூட்டு. எழுபது பாகைக்கு மேல்
வரமாட்டேன் என்கிறது.

முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவள்.
மடி என்று ஒன்று இருந்ததாம்,
அதில் ஸ்டீயரிங் உட்கார்ந்திருந்ததாம்.
இப்போது காலியாக இருக்கிறது,
ஒரு நாய் வேண்டும் என்றாள்.

கோழிப்பண்ணை நாரிஸ் பர்க்கெட் கொண்டுவந்தான்.
பார்டர் டெரியர். எட்டு வயது.
மடியை விட்டு இறங்கவே இறங்காது
என்று தொப்பியைக் கழற்றிச் சொன்னான்.
பெயர் நெட்டில்.
தொட்டால் அரிக்கும் செடியின் பெயர்.
அப்போதே யோசித்திருக்கலாம்.

தூக்கி வைத்தாள். நான்கு நிமிடம்.
சுவருக்குள் ஏதோ சுரண்டியது.
முதலில் காது போனது,
பிறகு கழுத்து,
பிறகு தையல் போட்ட இடத்தில் உதைத்துக்கொண்டு
மீதி நாயும் போனது.

நாரிஸுக்குப் போன் செய்தாள்.
'ஏறினால்தானே இறங்க' என்றான்.

பாவம், நாயைச் சொல்லி என்ன.
வளைக்குள் போவதற்கென்றே
தலைமுறை தலைமுறையாகச் செய்த உடம்பு அது.
கம்பி மயிர், பிடித்தால் விடாத தாடை,
உள்ளே சிக்கினால் பிடித்து இழுக்க
ஒரு சுற்றுப் பெரிதாகத் தைத்த தோல்.
அதைப் போய்க் கம்பளி மேல் வைத்து
தூங்கு என்றால்?

என் மொழியில் மடி என்றால் மடிதான்.
சோம்பலுக்கும் அதே சொல்.
செத்துப்போ என்பதற்கும்.
நெட்டிலுக்குக் கடைசிப் பொருள் மட்டும் தெரியும்
என்று நான் நினைத்திருந்தேன்.

நான்காம் வாரம், மழை.
நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள்.
மடியில் ஒரு கனம் வந்து அமர்ந்தது.
ஈரம், கதகதப்பு, தானாக வந்தது.
கண்ணைத் திறக்கவில்லை, திறந்தால் போய்விடும்.
ஒரு கையை நாயின் மேல் வைத்தாள்.
மெல்ல
மறு கையையும் வைத்தாள்.
அது நாய் இல்லை.

அலறல் கோழிப்பண்ணை வரை கேட்டதாக
நாரிஸ் சொல்கிறான்.
நெட்டில் இறங்கவில்லையாம்.
கொண்டுவந்ததை மூக்கால் தள்ளி
இன்னும் கொஞ்சம் மேலே வைத்ததாம்.

அடுத்த வியாழன் அளந்தேன்.
நூற்று நான்கு பாகை.
இன்னொரு முறை அளந்தேன்.
என்ன பயிற்சி செய்தீர்கள்?

'எலி' என்றாள்.
கதவருகே வாலாட்டம்.